செயலி மாறினால் பாட்டும் போய்விடுமா?

2024 ஆகஸ்டில் ‘விங்க் மியூசிக்’ செயலியை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. பத்தாண்டுகளாக ஓடிய செயலி அது. அதே ஆண்டு ஜனவரி இறுதியில் ‘ரெஸ்ஸோ’ பாட்டுச் செயலியும் இந்தியாவில் கடையைக் கட்டியிருந்தது. லாபம் இல்லாத தொழிலை நிறுத்துவது நிறுவனத்தின் உரிமை. அதில் சண்டைக்கு இடமில்லை.

ஆனால், வாடிக்கையாளர் இழப்பது செயலியை அல்ல, தான் சேர்த்த பாட்டுப் பட்டியலை. பஸ் பயணத்துக்கு ஒன்று, அப்பாவுக்குப் பிடித்த டி.எம்.எஸ். பாடல்களுக்கு ஒன்று, குழந்தையைத் தூங்கவைக்க ஒன்று என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பார்த்துச் சேர்த்தவை அவை. பாட்டு இசை நிறுவனத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று அடுக்கியது கேட்டவரின் உழைப்பு.

புதிய செயலியில் தேடி எடுத்துக்கொண்டால் போயிற்று என்பார்கள். தமிழ்ப் பாடல்களைத் தேடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். பெரும்பாலான செயலிகளில் பாடல் பெயர்கள் ஆங்கில எழுத்தில்தான் இருக்கின்றன. ‘ழ’ வரும் இடத்தில் ஒருவர் ஓர் எழுத்தைப் போடுகிறார், இன்னொருவர் இரண்டு போடுகிறார். இளையராஜாவின் பெயரே பலவிதமாக எழுதப்படுகிறது. 1978-ல் வந்த ‘முள்ளும் மலரும்’ படத்தின் ‘செந்தாழம் பூவில்’ பாட்டைத் தேடினால், யேசுதாஸ் குரலுக்கு முன்னால் யாரோ மேடையில் பாடிய பதிவு வந்து நிற்கலாம். பட்டியலை மாற்றித் தரும் தனிச் சேவைகளும் பெயரை வைத்துத் தேடும்போது இதே இடத்தில்தான் தடுமாறுகின்றன.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. முறையாக வெளியாகும் ஒலிப்பதிவுகளுக்கு ஐ.எஸ்.ஆர்.சி. என்ற, எழுத்தும் எண்ணும் கலந்த 12 இடக் குறியீடு தரப்படுகிறது. பட்டியலோடு அந்தக் குறியீடுகளையும் ஒரு கோப்பாகக் கொடுத்துவிட்டால், எழுத்துப் பிழை எதுவும் குறுக்கே வராது.

நிறுவனம் மாறும்போது தன்னுடையதைக் கூடவே எடுத்துச்செல்லும் வசதியை, செல்போன் எண் விஷயத்தில் இந்தியா செய்து காட்டியிருக்கிறது. எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி 2011 ஜனவரியில் நாடெங்கும் வந்தது. 1900-க்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பி மாறுகிறோம். நிறுவனங்கள் மனமுவந்து தந்த வசதி அல்ல அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதி போட்டதால் வந்தது.

தரவு விஷயத்திலும் அந்த உரிமை கைக்கெட்டும் தூரம் வரை வந்தது. 2019-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில், தன் தரவை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு எடுத்துச்செல்லும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 2023-ல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. ஐரோப்பியர்களுக்கு 2018 முதலே இருக்கும் உரிமை இது. இந்திய வாடிக்கையாளருக்கு இதை மறுத்தது பெரிய தவறு.

செயலிக்குச் செயலி உரிம ஒப்பந்தம் வேறு, எல்லாப் பாட்டும் எல்லா இடத்திலும் இருக்காது என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால், கேட்பது பாட்டை அல்ல, பாட்டின் பெயர்களை. பெயர்ப் பட்டியலைக் கொடுக்க எந்த உரிமமும் தேவையில்லை. 2020-ல் ‘கூகுள் பிளே மியூசிக்’கை மூடியபோது, பட்டியலை யூடியூப் மியூசிக்குக்கு மாற்றிக்கொள்ள கூகுள் வழி செய்தது. அது சொந்த வீட்டுக்குள் நடந்த மாற்றம் என்றால், 2024-ல் போட்டியாளர்களான ஆப்பிள் மியூசிக்கும் யூடியூப் மியூசிக்கும் பட்டியலைப் பரிமாறிக்கொள்ளக் கதவைத் திறந்தன. நம் ஊர்ப் பாட்டுச் செயலிகளும் அதே பொத்தானை வைக்கட்டும். தாமாக வைக்காவிட்டால், விட்டுப்போன பிரிவை அரசு சட்டத்தில் சேர்க்க வேண்டும்.