அப்பாவின் இசைத்தட்டுகளும் அக்காவின் பங்கும்



இறந்துபோனவர்கள் விட்டுச் சென்ற பொருட்களைப் பற்றி இந்த மாதம் பேசலாம் என்று நினைக்கிறேன். இதை எழுதத் தயக்கமும் உண்டு. இந்தப் பக்கத்தை வாசிக்கும் உங்களில் பலருக்குத் தாய் தந்தையின் ஒரு புகைப்படம்கூட மிஞ்சவில்லை. வீடு, கிணறு, மாடு, நகை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடியவர்கள் நீங்கள். உங்களிடம் வந்து, எங்கள் வீட்டுப் பரணில் அப்பா வைத்துப்போன இரண்டு மரப்பெட்டி இசைத்தட்டுகளைப் பற்றிச் சொல்வது பொருத்தமா என்று கேட்டுக்கொண்டேன். பெட்டிகளைத் திறந்து பார்த்தபின் சொல்லத்தான் வேண்டும் என்று பட்டது. ஏன் என்பது வாசிக்கும்போது தெரியும்.

எங்கள் அப்பா பொல்பிட்டியவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் ஒலிபெருக்கி கட்டுபவராக இருந்தார். கோயில் திருவிழா, கலியாணம், சடங்கு, தீபாவளி என்று எது நடந்தாலும் மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவது அவர் தொழில். பகலில் தோட்ட வேலை, இரவில் இது. "ஸ்பீக்கர்காரர்" என்றால்தான் அவரைத் தெரியும்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலி ஓயாவும் சேர்ந்து களனி கங்கையாகும் பக்கம் இது. அந்தத் தண்ணீரைக் கொண்டுதான் லக்ஷபான தொகுதி மின் நிலையங்கள் ஓடுகின்றன. பொல்பிட்டிய மின் நிலையம் 1969இல் தொடங்கியது. கொழும்புக்கு வெளிச்சம் கொண்டுபோகும் பெரிய கம்பிகள் எங்கள் லயங்களுக்கு மேலாகவே போயின. லயத்துக்கு உள்ளே மின்சாரம் வரவோ பல வருடங்கள் சென்றன. அதுவரைக்கும் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கு. அப்பா லொறி பட்டரியைத் தோளில் சுமந்து மலையேறித்தான் பாட்டுப் போட்டார். கீழே இறங்கிச் சார்ஜ் போட்டு மறுபடி சுமக்க வேண்டும். திருவிழா நாட்களில் அம்மாவும் சுமந்திருக்கிறார்.

பெட்டியில் இருந்தவை

பழைய தட்டுகள் கனமானவை, கறுப்பானவை, விழுந்தால் உடைபவை. அவை அரக்கினால் செய்யப்பட்டவை. மரங்களில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம் அல்லது சற்றுக் கூட. நாய் படம் போட்ட எச்.எம்.வி. தட்டுகள் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உள்ள டம்டம் தொழிற்சாலையில் அச்சானவை. 1920களின் கடைசியில் ஆரம்பித்த தொழிற்சாலை அது. பிந்தி வந்த வினைல் தட்டுகள் வளையக் கூடியவை, இலேசானவை. அவற்றில் நீளமாகப் பாட்டுப் பதியலாம்.

1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் இந்தியத் தட்டுகள் கிடைப்பது அரிது. ஆனால் அதே காலத்தில்தான் நம் நாட்டிலேயே பிறந்த பொப்பிசைப் பாட்டுகள் பிரபலமாயின. நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோரின் பெயர்களை அப்பா தன் கையால் எழுதி ஒட்டிய தட்டுகளும் பெட்டியில் இருந்தன.

தட்டுகளைவிட என்னைப் பிடித்து நிறுத்தியது அவற்றின் உறைகள்தான். ஒவ்வொரு கடதாசி உறையின் மேலும் அப்பா பென்சிலால் எழுதியிருக்கிறார். எந்தத் தோட்டம், எந்தப் பிரிவு, என்ன விசேஷம், எந்த மாதம், எந்த வருடம். "மேல் பிரிவு, சடங்கு, 1968 தை." "கீழ் லயம், கலியாணம், 1970 வைகாசி." வாடகைக் கணக்குக்காக எழுதியிருக்க வேண்டும். இன்று வாசித்தால் ஒரு ஊரின் இடாப்புப் போல இருக்கிறது.

1970க்குப் பிந்திய உறைகளில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது. "பயணம்." முதலில் எனக்கு விளங்கவில்லை. லயத்தில் மூத்த ஒரு பெரியம்மாதான் விளக்கினார். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களான எங்கள் மக்களை 1964 ஒக்டோபரில் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு போட்டது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மிச்சத்தையும் 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். தலைமன்னாருக்கு ரயிலேறுவதற்கு முதல் நாள் இரவு, போகிற குடும்பம் லயத்தாருக்குச் சோறு போடும். அப்பா பாட்டுப் போடுவார். உறையில் "பயணம்" என்று எழுதுவார். அதற்கு அவர் காசு வாங்கவில்லை என்றும் பெரியம்மா சொன்னார். அந்த உறைகளில் வாடகைத் தொகை இல்லை.

முப்பதுக்கு மேற்பட்ட "பயணங்களை" எண்ணினேன். அவற்றில் ஒன்று, "மூத்தவள் பயணம், 1978 ஆவணி." அது என் அக்கா.

அக்காவின் கதை

1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குப் போயின. அக்காவும் அத்தானும் கிளிநொச்சி தர்மபுரத்தில் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கே முப்பது வருடம். 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய், அத்தானை இழந்து, மெனிக் பாம் முகாமுக்குள் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். பிறகு திரும்பிய காணியில் வீடு கட்ட, கோழி வளர்க்க என்று நுண்கடன் எடுத்தார். வாராவாரம் தவணை. இந்தக் கதையை உங்களுக்கு நான் விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அப்பா இறந்து சில காலத்தின் பின் கொழும்பிலிருந்து பழைய பொருள் வாங்கும் ஒருவர் வந்தார். வெளிநாட்டில் இவற்றைச் சேகரிப்பவர்கள் இருக்கிறார்கள் என்றார். ஒரு தொகை சொன்னார். "உறையில் எழுதிக் கிறுக்கியிருக்கிறது, அதனால் விலை குறையும்" என்றும் சொன்னார். எங்களுக்குப் பெறுமதியானது அவருக்குக் குறையாக இருந்தது.

விற்பதா வேண்டாமா என்பதை விட, யாருக்கு எவ்வளவு என்பதில்தான் வீட்டில் பேச்சு வளர்ந்தது. "அக்கா அன்றைக்கே போய்விட்டாள், அவளுக்கு இதில் என்ன?" என்று குடும்பத்தில் ஒரு குரல் எழுந்தது. இந்த இடத்தில் சட்டத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. தேசவழமைச் சட்டம் யாழ்ப்பாணத் தமிழருக்கு உரியது. மலையகத் தமிழருக்குப் பொதுச் சட்டமே பொருந்தும். அதன்படி ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால் கணவன் அல்லது மனைவிக்குப் பாதி, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. துணைவர் முன்பே இறந்திருந்தால் முழுவதும் பிள்ளைகளுக்கு. மகனா மகளா என்ற பேதமில்லை, எல்லோருக்கும் சம பங்கு. கலியாணம் செய்து போனவள், தூர இருப்பவள், இடம்பெயர்ந்தவள் என்பதால் பங்கு குறையாது. காணியோ, மாடோ, இரண்டு பெட்டி இசைத்தட்டோ, எதுவானாலும் இதே நியாயம்தான். சின்னப் பொருள்தானே என்று விட்டுக்கொடுக்கும் பழக்கம் பெரிய பொருளிலும் நம்மை வெளியே நிறுத்திவிடும்.

அக்காவுக்குத் தொலைபேசி எடுத்தேன். உறைகளில் எழுதியிருப்பதை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆவணி 1978 வந்தபோது அவர் வெகு நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "பிளேட்ட வித்துரு தங்கச்சி. தவணைக்கு ஒதவும். அப்பா கையெழுத்துன்னு எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அந்த ஒறைய மட்டும் எனக்கு அனுப்பு."

எனவே இப்படிச் செய்தோம். எங்கும் கிடைக்கக்கூடிய சினிமாத் தட்டுகளை விற்றோம். பணத்தை மூன்று பிள்ளைகளும் சமமாகப் பிரித்தோம். எதிர்த்துப் பேசியவரும் கடைசியில் ஒத்துக்கொண்டார். அப்பா எழுதிய உறைகளில் ஒன்றையும் விற்கவில்லை. எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தபின், அக்காவின் உறையை அட்டைக்குள் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

தட்டுக்குள் இருந்த பெண்கள்

விற்காமல் நாங்கள் வைத்துக்கொண்டவற்றில் கே. பி. சுந்தராம்பாளின் தட்டுகளும் உண்டு. இந்த அம்மாளை நீங்கள் அறிவீர்கள். 1953இல் வந்த "ஔவையார்" படத்தின் ஔவை அவர்தான். 1908இல் கொடுமுடியில் வறிய வீட்டில் பிறந்தவர். சிறு வயதில் நாடகக் குழுவோடு இலங்கைக்கு வந்து பாடிப் பெயரெடுத்தவர். 1926இல் கொழும்பில்தான் எஸ். ஜி. கிட்டப்பாவோடு மேடையேறினார். கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தபோது சுந்தராம்பாளுக்கு 25 வயது. வெள்ளைச் சீலை உடுத்தி ஒதுங்கியிருந்தவர், பிறகு எழுந்து வந்தார். 1935இல் "நந்தனார்" படத்தில் நந்தனாராகவே நடித்தார். சம்பளம் ஒரு இலட்சம் ரூபாய். அந்தக் காலத்தில் யாரும் கேள்விப்படாத தொகை அது. ஆண் நடிகருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற தன் முடிவையும் காத்துக்கொண்டார். 1980இல் இறக்கும் வரை பாட்டே அவர் தொழில். வெள்ளைச் சீலையை அவர் மாற்றவில்லை. ஆனால் மூலையில் உட்காரவும் இல்லை.

அவருக்கு முன்பும் இந்தத் துறைக்கு முதலில் துணிந்து வந்தவர்கள் பெண்களே. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகி தட்டில் பாடினார். பாட்டு முடிந்ததும் தன் பெயரை உரத்துச் சொல்வார். அது யார் குரல் என்று கேட்பவர் சந்தேகப்பட இடம் வைக்கவில்லை.

ஆனால் அப்பாவின் பெட்டியில் எவ்வளவு தேடியும் எங்கள் அம்மா பாடியது போன்ற பாட்டு ஒன்றும் இல்லை. கொழுந்து பறிக்கும்போது பாடியது, பிள்ளைக்குப் பாடிய தாலாட்டு, சாவுக்குப் பாடிய ஒப்பாரி, இவை அந்தப் பெட்டியில் ஒரு தட்டிலும் இல்லை. சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தோட்டம் தோட்டமாகத் திரிந்து எழுதி வைத்ததால்தான் சில பாட்டுகளாவது எஞ்சின. 1930களிலும் 1940களிலும் கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மாள் தொழிலாளர் துயரைப் பாட்டாக்கி, கூட்டங்களில் தானே பாடி, சிறு நூலாகவும் அச்சிட்டார். அச்சிட்டதால் அவர் பெயர் நமக்குத் தெரிகிறது.

பழைய தட்டு வைத்திருப்போருக்கு

உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இசைத்தட்டு இருந்தால் சில விடயங்களைக் கவனியுங்கள்.

தட்டுகளைப் புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளையும், அரக்குத் தட்டு வெடிக்கும். அடுப்புக்கும் வெயிலுக்கும் தூரமாக வையுங்கள்.

பூஞ்சணம் பிடித்திருந்தால் மெல்லிய துணியைச் சுத்தமான தண்ணீரில் நனைத்து, ஒரு துளி சவர்க்காரத்தோடு, கோடுகள் போகும் திசையிலேயே துடையுங்கள். நடுவில் உள்ள லேபலில் ஈரம் படக்கூடாது. நிழலில் உலர்த்துங்கள். அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பூசவே வேண்டாம், அரக்கு அதில் கரைந்துவிடும்.

பழைய 78 தட்டின் கோடு அகலமானது. வினைல் தட்டுக்கு உரிய ஊசியால் அதைப் போடக்கூடாது.

விற்பதற்கு முன் தட்டையும் உறையையும் இரு பக்கமும் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். ஒருவரிடம் மட்டும் விலை கேட்டு முடிவெடுக்காதீர்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் எண்ணிம முறையில் பாதுகாத்து வருகிறது. அரிய பொருள் என்று தோன்றினால் அவர்களையும் கேட்கலாம்.

ஒன்றும் மிஞ்சாதவர்களுக்கு

பொருள் இல்லாதவர்கள் என்ன செய்வது? இதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள். அக்காதான் எனக்கு இதற்கு வழி காட்டினார். உறை கிடைத்த பிறகு அவர் ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கினார். தர்மபுரத்தில் தன் வீட்டில் கேட்ட பாட்டுகளை நினைவு வரும் ஒழுங்கில் எழுதத் தொடங்கினார். பாட்டின் முதற் சொல், யார் பாடினார், எப்போது, அப்போது வீட்டில் யார் யார் இருந்தார்கள். அத்தான் மாலையில் இலங்கை வானொலி கேட்ட இடம், மகன் பிறந்த அன்று பக்கத்து வீட்டில் ஒலித்த பாட்டு. கொப்பி இப்போது பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் மாலையில் வந்து தங்களுடையதைச் சொல்லுகிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு அக்கா எழுதிக்கொடுக்கிறார். சில நாள் அழுகையோடு முடிகிறதாம், சில நாள் சிரிப்போடு.

அப்பா உறையில் எழுதியதும் இவ்வளவுதான்: இடம், நாள், என்ன நடந்தது. அதற்குப் பென்சில் போதும். உங்கள் சங்கக் கூட்டத்தில் கடைசி அரை மணித்தியாலத்தை இதற்கு ஒதுக்கிப் பாருங்கள். அம்மாவின் தாலாட்டு, மாமியின் ஒப்பாரி நினைவில் இருந்தால் கைத்தொலைபேசியில் பாடிப் பதியுங்கள். பாடி முடிந்ததும் கௌஹர் ஜானைப் போல உங்கள் பெயரையும் ஊரையும் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது அது யார் குரல் என்று தெரிய வேண்டும் அல்லவா?