விடுதிக் காப்பாளர் காப்பது எதை?

சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பெருஞ்சாலையில், பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் போய்ச் சேருமுன்னே இருங்காட்டுக்கோட்டை என்னும் ஊர் வருகின்றது. 1996-ல் ஹூண்டாய் கம்பெனியார் அங்கே மோட்டார் தொழிற்சாலைக்கு அஸ்திவாரம் போட்டு, 1998-ல் காரைச் செய்து வெளியே அனுப்பினார்கள். அது முதற்கொண்டு ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால் வரையில், வயலும் மேய்ச்சலுமாகக் கிடந்த பூமியிலே தொழிற்சாலைகள் எழும்பிவிட்டன. களை பறித்தும் நாற்று நட்டும் காலங்கழித்த குடும்பங்களின் பெண்கள் இன்று அங்கே கைப்பேசியும் மின்சாதனங்களும் செய்து மாதச் சம்பளம் வாங்குகின்றார்கள். பெண் தன் கையில் தன் சம்பாத்தியத்தை வைத்திருப்பது என்பது, மேடையில் பேசப்படும் ஆயிரம் பெண் விடுதலைப் பிரசங்கங்களைவிட மேலான காரியம் என்பதே நமது அபிப்பிராயம்.

ஆனால் வெளியூரிலிருந்து வரும் பெண், வேலை கிடைத்த அன்றைக்கே படுக்க ஓர் இடமும் தின்னச் சோறும் தேட வேண்டியவளாகின்றாள். தனியே வந்த பெண்ணுக்கு வாடகைக்கு வீடு கொடுப்பவர்களோ அருமை. ஆகவேதான் பெண்கள் விடுதிகள் ஏற்பட்டன. விடுதி இல்லாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் மறுபடியும் அப்பன் வீட்டு அடுப்பங்கரைதான். இவ்வளவு முக்கியமான விடுதியிலே, இராப்பகலாக அங்கேயே தங்கி நிர்வாகம் பார்ப்பவருக்கு வார்டன் அல்லது காப்பாளர் என்று பெயர். இந்தக் காப்பாளர் காப்பது எதை என்பதே இன்று நாம் கேட்கும் கேள்வி.

பெண்கள் விடுதியிலே காப்பாளருக்கு இட்டிருக்கும் வேலையைப் பாருங்கள். யார் எத்தனை மணிக்கு வெளியே போனாள், எத்தனை மணிக்குத் திரும்பினாள், யாரோடு பேசினாள், தேடி வந்தவன் அண்ணனா வேறு யாராவதா என்பதையெல்லாம் நோட்டிலே எழுத வேண்டும். இரவு ஆள் கணக்கு எடுத்துக் கதவைப் பூட்ட வேண்டும். இதிலே தவறினால் கேள்வி வரும். ஆனால் அரிசியில் புழு இருந்தால் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரமுண்டா? தண்ணீர்த் தொட்டியைக் கழுவச் சொல்ல அதிகாரமுண்டா? பத்துப் பேர் படுக்கும் அறையில் இருபது பேரை அடைக்காதே என்று சொல்ல வாயுண்டா? வாசலுக்கு அவர் அதிகாரி. சமையற்கட்டுக்கு அவர் வெறும் ஆள்.

இதன் பலன் என்ன என்பதை 2021-ம் வருஷம் டிசம்பர் மாதம் நாடே பார்த்தது. சுங்குவார்சத்திரத்திலுள்ள ஃபாக்ஸ்கான் தொழிற்சாலையில் ஆப்பிள் கைப்பேசி செய்யும் பெண்கள் தங்கியிருந்த, பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில், உணவு விஷமாகி 250-க்கு மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். அவர்களில் 159 பேர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அதிகாரிகள் போய்ப் பார்த்தபோது சமையற்கட்டில் எலியும், சாக்கடைக் கோளாறும் கண்டு அதை மூடினார்கள். அந்தத் தொழிற்சாலைப் பெண்கள் இருந்த விடுதிகளில் ஓர் அறைக்கு 6 பேர் முதல் 30 பேர் வரை தரையில் படுத்திருந்தார்கள் என்றும் பத்திரிகைகளில் வெளிவந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போன தோழிகள் என்னவானார்கள் என்பதற்கு நம்பத்தக்க பதில் கிடைக்கவில்லை. சிலர் இறந்து போனார்கள் என்று வதந்தி கிளம்பிற்று. டிசம்பர் 17-ந் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் பெருஞ்சாலையில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இறந்ததாகச் சொன்னது பொய்யென்று பின்னால் தெரிந்தது. ஆனால் உண்மை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு பெண்ணுக்கு நடுரோட்டைத் தவிர வேறு இடமில்லை என்றால், அந்தப் பழி வதந்தியைச் சேருமா, அவளை அந்த நிலையில் வைத்திருந்த ஏற்பாட்டைச் சேருமா? சுமார் 17,000 பேர் வேலை செய்த தொழிற்சாலை மூடப்பட்டது. தங்குமிடமும் சாப்பாட்டு அறையும் தங்கள் விதிகளுக்கு ஒத்ததாயில்லை என்று ஆப்பிள் கம்பெனியாரே ஒப்புக்கொண்டு, அத்தொழிற்சாலையைக் கண்காணிப்பின்கீழ் வைத்தார்கள். 2022 ஜனவரி 12-ந் தேதிதான் மறுபடியும் கதவு திறந்தது.

இதிலே யோசிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. அவ்வளவு பேரைப் படுக்கையில் தள்ளிய விஷம் சுவரேறிக் குதித்து வரவில்லை. சினிமாவுக்குப் போன இடத்திலிருந்தும் வரவில்லை. விடுதிச் சாப்பாட்டுத் தட்டிலேயே வந்தது. வாசலில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாலும் அது வந்துதான் இருக்கும்.

அப்படியிருக்க ஏன் வாசலுக்கு மாத்திரம் இவ்வளவு காவல்? பெண் என்பவள் தன்னைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாதவள், ஒருவர் காவலில் இருந்தாலொழியக் கெட்டுப் போவாள் என்கின்ற பழைய மூடநம்பிக்கைதான் காரணம். வீட்டிலே அப்பன், பிறகு புருஷன், அப்புறம் மகன் என்று சாஸ்திரக்காரன் வைத்த காவல் வரிசையிலே, இன்றைய முதலாளி வார்டனையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டான். இந்த மூடநம்பிக்கை பணங்காசுக்கும் உதவும் என்பதை மேற்கு ஜில்லாக்களின் நூற்பாலைகள் காட்டிவிட்டன. அங்கே மூன்று வருஷம் விடுதிக்குள்ளேயே இருந்து உழைத்தால் முடிவில் கலியாணச் செலவுக்கு மொத்தப் பணம் என்று சொல்லிப் பெண்களைச் சேர்த்தார்கள். அதற்குச் "சுமங்கலித் திட்டம்" என்று மங்களகரமான பெயரும் இட்டார்கள்! வரதட்சணை வாங்குவதும் கொடுப்பதும் 1961-ம் வருஷச் சட்டப்படி குற்றம். அந்தக் குற்றத்துக்குப் பணம் சேர்க்கவே ஒரு பெண்ணைப் பூட்டி வைப்பது நல்ல திட்டமாம்!

"என்ன செய்வது? பெற்றோர்கள்தான் காவல் கேட்கின்றார்கள், இரவிலே வெளியே போனால் ஆபத்து" என்று சிலர் சொல்லக்கூடும். ஆபத்து உண்டு என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் இதே பெண்ணை இராத்திரி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் ஏற்றி அனுப்புகின்றார்களே, அப்போது அந்த ஆபத்து எங்கே ஓடிவிடுகின்றது? முதலாளிக்காக நடுச்சாமத்தில் போனால் கெடாத கற்பு, தனக்காகச் சோப்பு வாங்க எட்டு மணிக்குக் கடைக்குப் போனால் மட்டும் கெட்டுவிடுமா? ஆபத்துக்கு மருந்து தெருவிளக்கும், பஸ்ஸும், போலீசும், பெண்ணைப் பூட்டுவதல்ல. திருடனுக்குப் பயந்து வீட்டுக்காரனைச் சிறையில் வைப்பதை எந்த ஊரிலும் நியாயம் என்று சொல்லமாட்டார்கள்.

காலேஜ் பெண்கள் விஷயத்திலே இது ஒருவாறு ஒப்புக்கொள்ளப்பட்டும் ஆகிவிட்டது. 2015-ல் டில்லியில் விடுதி மாணவிகள் இந்தக் கதவுப் பூட்டை எதிர்த்துக் கிளர்ச்சி செய்தார்கள். பாதுகாப்பு என்னும் சாக்கைச் சொல்லி, ஆண் மாணவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடுகளை மாணவிகளின் விடுதியில் வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவினர் 2016-ல் வெளியிட்ட விதிகளில் எழுதியிருக்கின்றார்கள். புத்தகம் படிக்கும் பெண்ணுக்கு உள்ள அந்த நியாயம், அவள் வயதே உள்ள, சம்பாதித்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் பெண்ணுக்கு ஏன் இல்லை?

நிற்க, வார்டன் அம்மாளைத் திட்டுவது நமது நோக்கமல்ல. அவரும் பிழைக்க வந்தவர். தொழிற்சாலைப் பெண்ணுக்காவது ஷிப்டு முடிந்தால் சங்கு ஊதும்; விடுதியிலேயே குடியிருக்கும் காப்பாளருக்கு எந்தச் சங்கும் இல்லை. நடுராத்திரியில் ஒரு பெண்ணுக்கு வாந்தி என்றாலும் அவர்தான். விடியற்காலையில் பால் வரவில்லை என்றாலும் அவர்தான். தோழர் சிங்காரவேலர் 1923-ல் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். சரியாக நூறு வருஷங்கழித்து 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியபோது எங்கும் எதிர்ப்புக் கிளம்பி, மே தினத்தன்றே அது வாபஸ் என்று சர்க்கார் சொல்ல நேர்ந்தது. 12 மணிக்கு அவ்வளவு கூச்சல் போட்ட நாம், 24 மணி நேரமும் வேலையிலிருக்கும் விடுதிக் காப்பாளருக்காக ஒரு வார்த்தை பேசினோமா? அன்றியும், அவருக்குச் சம்பளம் கொடுப்பவன் காண்டிராக்டர். மலாயாவிலும் இலங்கையிலும் தோட்டத்து லயங்களில் கங்காணி இருந்தது போல, இவரும் சம்பளம் கொடுப்பவனுக்குக் கண்ணும் காதுமாக இருக்கும்படி செய்யப்படுகின்றார். அவன் அனுப்பும் அரிசியை அவரே எப்படிக் குறை சொல்லுவார்?

விடுதி நிர்வாகம் என்பது சில்லறைக் காரியமல்ல என்பதைத் தமிழர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து சென்னைக்குப் படிக்க வந்த பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்குத் தங்க இடமில்லை என்று கண்டு, டாக்டர் நடேசனார் 1916-ல் திருவல்லிக்கேணியில் திராவிடர் இல்லம் ஏற்படுத்தினார். 1924, 25-ம் வருஷங்களில் சேரன்மாதேவிக் குருகுலத்தில் இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனியே சாப்பாடு போட்டது தமிழ்நாட்டு அரசியலையே புரட்டிவிட்டது. முதலாவது, விடுதி மனிதனை முன்னேற்றும் என்பதற்கும், இரண்டாவது, விடுதிச் சாப்பாட்டிலேயே மனிதனை இழிவுபடுத்த முடியும் என்பதற்கும் சாட்சி. எந்த விடுதியானாலும் அது எப்படிப்பட்டது என்பதை நிர்வாகியின் நடத்தையில்தான் பார்க்க வேண்டும்; கட்டடத்தில் அல்ல.

இதை இப்போது சொல்லுவதற்குக் காரணமுண்டு. வல்லம் வடகாலில் சிப்காட்டார் 706 கோடியே 50 லட்சம் ரூபாய் செலவில், 18,720 பெண்கள் தங்கத்தக்க விடுதி கட்டி, 2024 ஆகஸ்டு 17-ந் தேதி முதலமைச்சர் அதைத் திறந்தும் வைத்தார். தரையில் படுத்த பெண்களுக்குக் கட்டில் கிடைத்தால் நமக்கும் சந்தோஷமே. ஆனால் 18,720 பேர் என்றால் அது ஒரு பெரிய ஊர். அதில் பத்தில் ஒரு பங்கு ஜனமுள்ள கிராமத்துக்குக்கூட ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்து உண்டு. விடுதி என்னும் ஊருக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது?

ஆகவே நாம் கேட்பது இவைதான். தங்கியிருக்கும் பெண்களே ஓட்டுப் போட்டு உணவுக் கமிட்டி ஏற்படுத்த வேண்டும். கெட்ட சாமானைத் திருப்பவும், சமையற்கட்டை நிறுத்தி வைக்கவும் காப்பாளருக்கு அதிகாரம் வேண்டும். அதற்காக அவரை வேலையிலிருந்து நீக்கக் காண்டிராக்டருக்கு அதிகாரம் இருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எங்கே, எப்படியிருக்கின்றார்கள் என்பதை அன்றைக்கன்றே தோழிகளுக்குச் சொல்ல வேண்டும். கதவுக்கு ஆண்கள் விடுதியில் என்ன விதியோ அதுவே பெண்கள் விடுதியிலும். காப்பாளருக்கு மாற்று ஆளும், வேலை நேரமும், வார ஓய்வும் வேண்டும். 2014-ம் வருஷத்திலேயே பெண்கள் விடுதிகளை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்திருக்கின்றது. உரிமத்தைச் சுவரில் மாட்டுவதோடு அது முடிந்துவிடாமல், சோற்றுப் பானை வரையில் போக வேண்டும்.

காப்பாளர் என்று பெயர் வைத்தால் எதையாவது காக்கத்தான் வேண்டும். அந்தப் பெண்ணின் வயிற்றையும், உடம்பையும், அவள் சம்பாத்தியத்தையும் காக்கட்டும். அவளுடைய ஒழுக்கத்தை அவளே பார்த்துக்கொள்ளுவாள்.