புல்லுக்குள் ஒளியும் ஆர்க்கிட்: நெய்வேலியில் 'எந்த மாசம் சர்வே?' என்று ஏன் கேட்கணும்?

ஆர்க்கிட் என்றாலே ஊட்டியும் பூக்கடை பொக்கேயும்தான் ஞாபகம் வரும். ஆனா, சமவெளியின் ஈரமான புல்தரையிலும் வயல் வரப்பிலும் தானாக முளைக்கும் ஆர்க்கிட்டும் உண்டு. பெயர் ஜூக்ஸின் ஸ்ட்ராட்டியுமேட்டிகா; எளிமையாக, லான் ஆர்க்கிட். இலங்கைச் செடியை வைத்து 1753-ல் லின்னேயஸ் பதிவு செய்த இனம் இது.

எப்படி அடையாளம் காண்பது?

* உயரம்: பெரும்பாலும் ஒரு சாணுக்குள்.
* இலை: புல் மாதிரியே ஒடுக்கமாக, தண்டை ஒட்டி இருக்கும். தண்டில் செம்பழுப்புச் சாயல் தெரியும்.
* பூ: நுனியில் நெருக்கமாகச் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். ஒவ்வொன்றின் உதடும் மஞ்சள்.
* குழப்பம் வந்தால்: பூவின் பின்னால் நீண்ட வால் போன்ற குழல் இருந்தால், அது ஹேபனேரியா வகையாக இருக்கலாம்.

பூப்பது பனிக்காலத்தில், சில வாரங்கள் மட்டுமே. அதன்பின் தரைக்கு மேலே உள்ள பகுதி காய்ந்துவிடும்.

நெய்வேலிக்கு என்ன சம்பந்தம்?

திறந்தவெளிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு முன்பு மேல்மண் போகிறது. அதிலுள்ள செடிகளும் போகின்றன. அதனால்தான் சுரங்கத் திட்டங்களின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையில், சுரங்கப் பகுதியிலும் சுற்றி 10 கி.மீ. தூரத்திலும் உள்ள தாவரங்களைப் பட்டியலிட வேண்டும். 2006 அறிவிக்கையின் கீழ் வரும் திட்டங்களுக்கு, பொதுவாக மழைக்காலம் தவிர்த்த ஒரு சீசன் தரவு போதும்.

அந்த சீசன் மார்ச் முதல் மே வரையிலான கோடை என்றால்? வரப்பில் காய்ந்த புல்தான் தெரியும். பட்டியலில் ஆர்க்கிட் இருக்காது. யாரும் பொய் சொல்லவில்லை. பார்த்த நேரம்தான் தப்பு.

இது அரிய செடியா?

இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1936-ல் முதன்முதலாகக் காணப்பட்டு, இப்போது வீட்டுப் புல்தரைகளில்கூட முளைக்கிறது. விஷயமே அதுதான்: இவ்வளவு சாதாரணமான செடியே கண்ணில் படாமல் போகும் என்றால், நிஜமாகவே அரிதானவற்றின் கதி என்ன?

நாம் என்ன செய்யலாம்?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை டவுன்ஷிப் புல்வெளியிலோ வரப்பிலோ கண்ணில் பட்டால் பறிக்க வேண்டாம். பூவை முன்னாலும் பக்கவாட்டிலும், இலையைத் தனியாகவும் போட்டோ எடுத்து, தேதி, இடத்தோடு ஐநேச்சுரலிஸ்ட் ஆப்பில் பதியலாம். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால், எழுத்துப்பூர்வமாகவே கேட்கலாம்: 'செடிகளை எந்த மாதத்தில் கணக்கெடுத்தீர்கள்?'