எள் அறுவடை: எந்த வேலையை மெஷினிடம் கொடுக்கலாம்?

"எங்களுக்கு மூன்று ஏக்கர். மாசிப் பட்டத்தில் எள் போடுகிறோம். போன வருஷம் அறுக்க ஆள் கிடைக்க எட்டு நாள் ஆகிவிட்டது. அதற்குள் அடிக்காய்கள் வெடித்து, பாதி எள் மண்ணில் கொட்டிப்போனது. இந்த வருஷம் ஊருக்கு வரும் நெல் அறுவடை மெஷினையே எள்ளில் விட்டுவிடலாம் என்று நான் சொல்கிறேன். 'அதில் அடித்தால் விதை எள் பாழாகிவிடும்' என்கிறார் என் மனைவி. என்ன செய்யலாம்?"

- திண்டிவனம் பகுதி வாசகர்

விதை எள்ளைப் பொறுத்தவரை மனைவி சொல்வது சரி. ஆனால், ஆள் இல்லை என்று எட்டு நாள் காத்திருந்தால் விதையும் இல்லை, விளைச்சலும் இல்லை. அதனால் எள் அறுவடையை ஒரே வேலையாகப் பார்க்காமல், அறுப்பது, காயவைப்பது, உதறுவது, சுத்தம் செய்வது என்று நான்காகப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதில் சிலவற்றை இயந்திரத்திடம் கொடுக்கலாம். சிலவற்றைக் கொடுத்தால் நஷ்டம்.

காயின் குணம்

எள் அடியிலிருந்து நுனி நோக்கிப் பூக்கும் பயிர். அடிக்காய் முற்றி வெடிக்கத் தயாராகும்போது நுனியில் பச்சைக்காய் இருக்கும். காய் காய்ந்ததும் அதன் நுனி பிளக்கும். செடி நேராக நிற்கும் வரை விதைகளில் பெரும்பகுதி காய்க்குள்ளேயே இருக்கும். செடி சாய்ந்தாலோ, அதிர்ந்தாலோ கொட்டிவிடும். அலிபாபா கதையில் வரும் 'திறந்திடு சீசேம்' என்பதில் சீசேம் என்பது எள்தான்.

விதையும் மிகச் சிறியது. ஆயிரம் விதையின் எடை ஏறத்தாழ 3 கிராம். அதாவது, ஒரு கிலோவில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட விதைகள். தோல் மெல்லியது. உள்ளே பாதிக்குப் பாதி எண்ணெய். தோலில் கீறல் விழுந்தால், எண்ணெயில் புளிப்பு அமிலம் கூடிக் காறல் வாடை வரும். முளைப்பும் குறையும். மிட்டாய்க்கும் ரொட்டிக்கும் போகும் வெள்ளை எள்ளில் உடைந்தது கலந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார்.

நெல் இயந்திரத்தில் எள் எங்கெல்லாம் போகும்?

நெல் அறுவடை இயந்திரத்தில் எள் இழப்பு ஐந்து இடங்களில் நடக்கிறது.

முதல் இடம், முன்னால் சுழலும் ரீல். செடியைக் கத்தியை நோக்கிச் சாய்ப்பது இதன் வேலை. வண்டி நகரும் வேகத்தைவிட இது மிக வேகமாகச் சுற்றினால், செடியை அடித்து உதறிவிடும். எள் தரையில்தான் விழும்.

இரண்டாவது, அறுக்கும் கத்தி. எள் தண்டு நெல் தாளைப் போல இல்லாமல் கட்டையாக இருக்கும். கத்தி மழுங்கியிருந்தால் செடி அறுபடும் முன் அதிரும். அந்த அதிர்வில் அடிக்காய் காலியாகிவிடும்.

மூன்றாவது, அடிக்கும் டிரம். நெல் மணியைக் கதிரிலிருந்து பிரிக்க வேகமான அடி வேண்டும். எள்ளுக்கு அந்த வேகம் தேவையில்லை. அடியின் வேகம் பாதியானால் அடியின் சக்தி கால் பங்காகிவிடும். எள்ளுக்கு டிரம் வேகத்தை முடிந்தவரை குறைத்து, டிரம்முக்கும் அதன் கீழே உள்ள வளைசல்லடைக்கும் இடையே இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

நான்காவது, ஊதும் விசிறி. நெல்லுக்கு வைத்த காற்று எள்ளுக்கு மிக அதிகம். காய்த்தோட்டோடு எள்ளும் பின்னால் பறந்துவிடும்.

ஐந்தாவது, ஓட்டைகள். எள் தண்ணீர் மாதிரி ஓடும். நெல் நிற்கும் தகட்டு இடுக்குகளிலெல்லாம் எள் ஒழுகிவிடும். இயந்திரத்தில் எள் அறுக்கும் நாடுகளில், அறுவடைக்கு முன் ஒவ்வொரு இடுக்கையும் ஒட்டுநாடாவாலும் பசையாலும் அடைக்கிறார்கள்.

இதோடு, நுனியில் உள்ள பச்சைக்காயும் இலையும் சேர்ந்து அரைபட்டு, விதையில் ஈரம் ஏறும். அந்த எள்ளை ஒரு ராத்திரி மூட்டையில் வைத்தாலும் சூடேறிக் கெட்டுவிடும்.

அமெரிக்காவில் மட்டும் எப்படி முடிகிறது?

டெக்சாஸ், ஓக்லஹோமா பகுதிகளில் எள்ளை நின்ற நிலையிலேயே காயவைத்து, பெரிய இயந்திரத்தால் அறுக்கிறார்கள். அங்கே முதலில் மாறியது இயந்திரம் அல்ல, காய். வெனிசுவேலாவில் ஆராய்ச்சி செய்த டி.ஜி.லாங்ஹாம், 1943-ம் ஆண்டில் காய்ந்தாலும் வெடிக்காத காய் உள்ள எள் செடியைக் கண்டுபிடித்தார். பிரச்னை தீர்ந்தது என்று தோன்றினாலும் புதிய சிக்கல் வந்தது. இறுக மூடிய காயை உடைக்கப் பலமாக அடிக்க வேண்டியிருந்தது. அந்த அடியில் விதையும் உடைந்தது. பிறகு பல ஆண்டுகள் உழைத்து, நுனி சற்றே பிளந்து, விதையை உள்ளே பிடித்து வைத்திருக்கும் ரகங்களை உருவாக்கினார்கள். இந்தக் காய்க்கு மெதுவான அடியே போதும்.

நம் பகுதியில் பயிராகும் டி.எம்.வி., வி.ஆர்.ஐ., எஸ்.வி.பி.ஆர். வரிசை ரகங்களின் காய்கள், காய்ந்தால் வெடிப்பவை. ஆகவே, அங்கே ஓடும் இயந்திரம் இங்கே அப்படியே ஓடாது. இந்தக் காய்க்குத் தகுந்த முறையைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

அறுப்பு: நாள் தவறக் கூடாது

செடியில் அடிப்பக்கம் கால்வாசி இலை உதிர்ந்து, தண்டும் பாதி உயரம் வரை உள்ள காய்களும் மஞ்சளாகும்போது அறுவடைப் பதம். சந்தேகம் இருந்தால், அடியிலிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். கறுப்பு ரகத்தில் உள்ளே விதை கறுத்திருந்தால் அறுக்கலாம். அடிக்காய் வெடிக்கும் வரை காத்திருக்க வேண்டாம்.

இந்தப் பதத்தில் காய்கள் மூடியிருப்பதால், அறுக்கும் வேலையை மட்டும் இயந்திரத்திடம் கொடுக்கலாம். பின்னால் நடந்து ஓட்டும் ரீப்பர், செடியை அறுத்து, நின்ற நிலையிலேயே ஓரத்துக்கு நகர்த்தி வரிசையாகப் போடும். அடிப்பதோ, ஊதுவதோ அதில் இல்லை. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும். அதிகாலையில், பனி ஈரம் இருக்கும்போதே ஓட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் நிறுத்திவிட வேண்டும். வாடகை இயந்திரத்துக்கு வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்கலாம். பதம் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடுவது நல்லது.

கையால் செய்பவர்கள், செடியைப் பிடுங்காமல் அரிவாளால் அறுப்பதே மேல். வேரோடு பிடுங்கினால் மண்ணும் எள்ளோடு வந்து சேரும்.

இழப்பை அளந்து பாருங்கள்

எந்த இயந்திரமானாலும் முதலில் ஒரு பட்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். ஓர் அடிக்கு ஓர் அடி சதுரமாகக் குச்சியில் சட்டம் கட்டி, ஓட்டிய இடத்தில் நான்கைந்து இடங்களில் போட்டு, விழுந்த விதைகளை எண்ணிச் சராசரி எடுங்கள். ஒரு சதுர அடியில் 100 விதை கிடந்தால், ஏக்கருக்குச் சுமார் 13 கிலோ எள் மண்ணுக்குப் போகிறது என்று கணக்கு. அந்த எள்ளின் விலையையும், மிச்சமாகும் கூலியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால், மேற்கொண்டு ஓட்டலாமா, வேண்டாமா என்பது தெரிந்துவிடும்.

காயவைப்பதும் உதறுவதும்

அறுத்த செடிகளைக் களத்தில் வட்டமாக அடுக்க வேண்டும். அடித்தண்டு வெளியேயும், காய் உள்ள நுனி உள்ளேயும் இருக்கட்டும். மேலே வைக்கோல் போட்டு மூடி, மூன்று நாள் விடவும். நான்காம் நாள் தார்ப்பாய் விரித்து, கட்டைத் தலைகீழாகப் பிடித்து உதறினால், முக்கால் பங்கு எள் தானாகக் கொட்டிவிடும். இன்னொரு நாள் காயவைத்து உதறினால் மீதியும் வந்துவிடும்.

இதற்குக் கோடைமழை ஒரு தொல்லை. வட்டத்தின் அடியில் மேடான தரையும், மேலே மூட ஒரு தார்ப்பாயும் தயாராக இருக்க வேண்டும். மழை நின்றதும் தார்ப்பாயை எடுத்துவிட வேண்டும். மூடியே வைத்தால் புழுங்கி எள் நிறம் மாறும்.

உதறும் வேலையை எளிதாக்க, நான்கு கால் உள்ள மரச்சட்டத்தில் கம்பிவலை அடித்து, தார்ப்பாய் மேல் வைத்துக்கொள்ளலாம். கட்டைத் தலைகீழாக வலைமேல் தட்டினால் எள் கீழே இறங்கும். இலையும் குச்சியும் மேலே நிற்கும். குனிந்து உதறும் இடுப்பு வலியும் குறையும்.

கதிரடிக்கும் இயந்திரம் இருந்தால்...

மோட்டாரில் ஓடும் சிறிய கதிரடிக்கும் இயந்திரம் வைத்திருப்பவர்கள், உதறிய பிறகு காய்களில் தங்கும் எள்ளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம். வேகத்தைக் குறைக்கப் புல்லியை மாற்றினால் போதும். மோட்டாரின் சுற்றை மோட்டார் புல்லியின் அளவால் பெருக்கி, டிரம் புல்லியின் அளவால் வகுத்தால், டிரம்மின் சுற்று கிடைக்கும். 1,440 சுற்று மோட்டாரில் 4 அங்குலப் புல்லியும், டிரம்மில் 12 அங்குலப் புல்லியும் இருந்தால், டிரம் நிமிடத்துக்கு 480 சுற்று சுற்றும். டிரம் புல்லியை 16 அங்குலமாக மாற்றினால் 360 சுற்றாகும். விதைமேல் விழும் அடியின் சக்தி ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும். விசிறியின் காற்று வாயைப் பாதி மூடி, பின்னால் துணி விரித்து, எள் பறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்.

பெல்ட்டுக்குத் தகட்டு மூடி இல்லாமல் ஓட்டக் கூடாது. செடி சிக்கினால் மோட்டாரை நிறுத்திய பிறகே கையை விட வேண்டும். துண்டு, சேலை முந்தானை, தொங்கும் முடி எல்லாவற்றையும் இறுகக் கட்டிக்கொள்ள வேண்டும்.

விதை எள் தனியாக

ஏக்கருக்கு 2 கிலோ விதை என்று வைத்தால், மூன்று ஏக்கருக்கு 6 கிலோ போதும். நல்ல பயிர் நிற்கும் ஐந்து சென்ட்டை முன்பே குறித்து, அதை மட்டும் கையால் அறுத்து, கையால் உதறி, தனியாக வைத்துவிடலாம். அதில் இயந்திரமே வேண்டாம். மூன்று நாள் வெயிலில், மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறிக் காயவைத்துச் சேமிக்கவும்.

இயந்திரத்தில் அடித்த எள் விதைக்கு ஆகுமா என்று பார்க்க, அதில் 100, கையால் உதறியதில் 100 எண்ணி, ஈரத்துணியில் தனித்தனியே முடிந்து வைத்து, ஆறாம் நாள் முளைத்ததை எண்ணுங்கள். சான்று விதைக்கு 80 சதவிகித முளைப்பு வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த எள் செக்குக்குத்தான்.

ஆக, வாசகர் ரீப்பரை விட்டு நாள் தவறாமல் அறுக்கலாம். ஐந்து சென்ட் விதை எள்ளை அவர் மனைவி சொன்னபடி கையாலேயே எடுத்துவிடலாம்.

"தண்டுக்கீரை விதைக்கும் இதே முறைதானா?"

- ஒட்டன்சத்திரம் பகுதி வாசகி

ஏறக்குறைய இதேதான். கீரை விதை எள்ளைவிடச் சிறியது என்பதால், தைத்த தார்ப்பாயின் ஊசித் துளைகளிலும் மடிப்புகளிலும் போய்விடும். பழைய பருத்திச் சேலையை மேலே விரித்துக்கொள்ளவும். கதிர் முழுதும் முதிரக் காத்திருக்காமல், விதை கறுத்து, கையில் தேய்த்தால் உதிரும் கதிர்களை மட்டும் இரண்டு, மூன்று முறையாக அறுக்கவும். காய்ந்ததும் கையாலேயே கசக்கி, காற்றில்லாத இடத்தில் முறத்தில் புடைக்கவும். இதற்கு மின்விசிறிக் காற்று கூட அதிகம்.