முதல் ஆபரேஷனின்போதே இரண்டாவதைச் சொல்லுங்கள்!

முத்தாபுதுப்பேட்டையில் ஒரு வீடு. விமானப்படை நிலையத்தில் வேலை பார்ப்பவரின் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டு அம்மாளுக்குப் பத்து வருஷத்துக்கு முன்பு, எடை குறைவதற்காக இரைப்பையில் வளையம் போட்டார்கள். எடை குறைந்தது. அக்கம்பக்கத்தார் அதிசயித்தார்கள்.

இப்போது இரண்டு கவளம் சோறு இறங்குவதில்லை. படுத்தால் புளித்த நீர் தொண்டைக்கு ஏறுகிறது. இரவெல்லாம் இருமல். வளையத்தை எடுத்துவிட்டு "பைபாஸ்" செய்ய வேண்டும் என்கிறார் டாக்டர்.

"வாயைக் கட்டத் தெரியவில்லை. அதுதான் மறுபடியும் கத்தி" என்கிறார் மாமியார்.

வீடு கற்பனைதான். மாமியாரின் தீர்ப்பு மட்டும் கற்பனையல்ல. ஊர் முழுக்க அதே தீர்ப்புத்தான். அது சரியான தீர்ப்பா?

வளையம் சிலிக்கோனால் ஆனது. சுருக்குப் பையைக் கயிறு இறுக்குவதுபோல் இரைப்பையின் மேல்பாகத்தை அது இறுக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் பொத்தான் போன்ற ஒன்றில் முடியும். அதில் ஊசி குத்தி உப்பு நீர் ஏற்றினால் வளையம் இறுகும். நீரை எடுத்தால் தளரும். இரைப்பையை வெட்டுவதில்லை, வேண்டாம் என்றால் கழற்றிவிடலாம். இந்தப் பேச்சில்தான் உலகமே மயங்கியது.

2001-ல் அமெரிக்க அரசு இந்த வளையத்துக்கு அனுமதி கொடுத்தது. 2011-ல் அங்கே நடந்த எடைக் குறைப்பு ஆபரேஷன்களில் நூற்றுக்கு 35 வளையம்தான் என்று அந்நாட்டு நிபுணர் சங்கம் கணக்கிட்டது. 2019-ல் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை! எட்டே வருஷத்தில் இவ்வளவு பெரிய சரிவு.

காரணம் என்ன? சிலருக்கு வளையம் இடம் பெயர்ந்து இரைப்பை அதன் வழியே பிதுங்குகிறது. சிலருக்கு உணவுக்குழாய் அகன்று தளர்ந்துபோகிறது. இன்னும் சிலருக்கு வளையம் இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு உள்ளேயே போய்விடுகிறது. டாக்டர் சொன்னபடி அளந்து சாப்பிட்டவர்களுக்கும் இவை வருகின்றன. அப்புறம் வாயைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

பிரிட்டனில் வனெஸ்ஸா பெல்ட்ஸ் என்ற பிரபல ஒலிபரப்பாளர் வளையம் போட்டுக்கொண்டவர். அது கல்லீரலில் புதைந்துவிட்டது என்று அவரே வெளியே சொன்னார். 2019-ல் பைபாஸ் செய்துகொண்டார். பணத்துக்கும் நல்ல வைத்தியத்துக்கும் அவருக்குக் குறைவில்லை.

இரண்டாவது ஆபரேஷன் முதலாவதைப்போல் எளிதல்ல. வளையத்தைச் சுற்றித் தழும்பு வளர்ந்து, கல்லீரலும் இரைப்பையும் ஒட்டிக்கிடக்கும். அரிப்பு ஏற்பட்டிருந்தால் முதலில் வளையத்தை மட்டும் எடுத்துவிட்டு, புண் ஆறுவதற்குச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் பசி திரும்பும், எடையும் திரும்பும். பைபாஸில் இரைப்பையை முட்டை அளவுப் பையாகப் பிரித்து, சிறுகுடலை வெட்டி அதோடு இணைக்கிறார்கள். நெஞ்செரிச்சல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இரும்புச் சத்து, கால்சியம், பி-12 மாத்திரைகளை ஆயுள் முழுவதும் விடக்கூடாது. ஒரு ஜிலேபி தின்றாலே படபடப்பும் வயிற்றுப்போக்கும் வரலாம். தலைவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையே குடலில் புண்ணை உண்டாக்கலாம்.

எடைக் குறைப்பு ஆபரேஷன் எதுவும் விளையாட்டல்ல. 2024 ஏப்ரலில் சென்னைப் புறநகர் ஆஸ்பத்திரி ஒன்றில் புதுவை வாலிபர் ஒருவர் இந்தச் சிகிச்சையின்போதே உயிரிழந்தது பலருக்கு நினைவிருக்கும்.

இவ்வளவையும் நோயாளி எப்போது கேள்விப்படுகிறார்? சோறு இறங்காமல் போன பிறகு! முதல் கையெழுத்து வாங்கும்போதே, "இது ஒரு நாள் வெளியே வரவேண்டியிருக்கலாம், அப்போது ஆகும் செலவு வேறு, ஆபத்தும் ஜாஸ்தி" என்று தமிழில் சொல்லியிருக்க வேண்டாமா? விளம்பரத்தில் ஒல்லியான படம் போட இடம் இருக்கிறது. இந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் இல்லையா?

பணத்தின் கதை தனி. 2020 முதல் அமலில் உள்ள இன்சூரன்ஸ் விதிப்படி, உடல் எடைக் குறியீடு 40 இருக்க வேண்டும். 35 என்றால், கட்டுப்படாத சர்க்கரை நோய், கடுமையான தூக்க மூச்சுத்திணறல் போன்ற நோய்களில் ஒன்றும் கூட இருக்க வேண்டும். வளையத்தால் எடை குறைந்து, அதே வளையத்தால் அவதிப்படுகிறவரின் குறியீடு 30 ஆக இருந்தால்? விதியில் அவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. கெட்டுப்போன கருவியைச் சரிசெய்வது அழகுக்குச் செய்யும் வேலையா? அதைச் சிக்கலுக்கான சிகிச்சை என்று விதியே தெளிவாகச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள் என்கிறது 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு. வளையம் போனாலும் வேறு ஆபரேஷன்கள் வரும். அவற்றைத் தேடிப் போகிறவர்களும் பெருகத்தான் போகிறார்கள்.

அரசு உடனே செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. என்ன வளையம், எந்தத் தேதி, எவ்வளவு நீர் ஏற்றியிருக்கிறது, பொத்தான் எந்தப் பக்கம் என்று எழுதிய அட்டை ஒன்றை நோயாளி கையில் கொடுக்கவேண்டும் என்று உத்தரவிடலாம். நடுராத்திரியில் வாந்தி நிற்காமல் ஆவடியில் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக்கு அந்த அம்மாளைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அங்கே இருக்கும் இளம் டாக்டர் வளையத்தைக் கண்ணால் பார்த்திருக்கமாட்டார். அட்டை இருந்தால், அதற்குரிய ஊசியால் நீரை எடுத்து வளையத்தைத் தளர்த்தலாம். பல நாள் வாந்தியால் பி-1 வைட்டமின் தீர்ந்திருக்கும். குளுக்கோஸ் ஏற்றுமுன் அதைக் கொடுக்காவிட்டால் மூளை பாதிக்கப்படலாம் என்பதையும் அட்டையிலேயே அச்சடித்துவிடலாம்.