டொபி உறையில எங்க மொழி எங்கே?

"லேபலை வாசிச்சுப் பார்த்து வாங்குங்க." குளுட்டன் ஒத்துக்காத பிள்ளையோட அம்மாவுக்கு எல்லாரும் சுலபமா சொல்லிவிட்டுப் போகிற ஆலோசனை இதுதான். தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு தோட்டத்துக் கடையில் நின்று அதைச் செய்து பாருங்கள். சேர்மானப் பட்டியல் கடுகு அளவு எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். சிங்களத்தில் இருந்தாலும், எங்களில் பலருக்குப் பேச வரும், வாசிக்க வராது. பிறகு யாரை வாசிக்கச் சொல்றீங்க?

"அதெல்லாம் பணக்காரங்க டயட், தோட்டத்துக்கு எதுக்கு?" என்பவர்களும் இருக்கிறார்கள். சீலியாக் நோய் சம்பளச் சீட்டைப் பார்த்து வருவதில்லை. குளுட்டன் உள்ளே போனால் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்கும். கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுக்க விடுவதுதான் மருத்துவம். 1944-45 பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள பிள்ளைகள் தேறியதைக் கவனித்தவர் நெதர்லாந்து மருத்துவர் டிக்க. எங்க லயன்களிலோ காலையிலயும் ராத்திரியிலயும் கோதுமை மா ரொட்டிதான்.

2016 ஆம் ஆண்டு குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய 32 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதற்கு முதல் காரணம் வறுமை, சீலியாக் இல்லை. ஆனால் வளர்ச்சிக் குறைவு, இரத்தச்சோகை, ஓயாத வயிற்றுப்போக்கு எல்லாம் சீலியாக்கின் அடையாளங்களும்தான். இத்தனை பேருக்குள் அந்த ஒரு பிள்ளையை யார் தேடுவார்? சந்தேகம் வந்தால் ரொட்டியை நிறுத்துவதற்கு முன்னாடியே இரத்தப் பரிசோதனை கேளுங்கள். நிறுத்திய பிறகு செய்தால் முடிவு பிழைக்கும்.

இனிப்புக்கு வருவோம். வேஃபர், பிஸ்கட் வைத்த சொக்லேட் என்றால் கோதுமை கண்ணுக்கே தெரியும். ஒளிந்திருப்பது 'மோல்ட்'. அது பெரும்பாலும் பார்லி. 'ஸ்டார்ச்' என்று மட்டும் போட்டிருந்தால் எதிலிருந்து எடுத்தது என்று தெரியாது. வெளிநாட்டுச் சொந்தம் அனுப்பும் பொதியிலும் கவனம் வேணும். அமெரிக்காவின் 2004 ஒவ்வாமைச் சட்டம் கோதுமையைப் பெயர் சொல்லிக் காட்டச் சொல்கிறது, பார்லியைச் சொல்லவில்லை. ஐரோப்பியச் சட்டம் இரண்டையும் கேட்கிறது. 'குளுட்டன் ஃப்ரீ' என்றால் சர்வதேச கோடெக்ஸ் அளவுப்படி கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது. எள்ளுருண்டையிலும் கடலை மிட்டாயிலும் கோதுமை இல்லைதான். ஆனால் கோதுமை மா புழங்குற அதே மேசையில் செய்தால் அதுவும் ஆகாது.

இவ்வளவையும் ஒரு பிள்ளையோ, கொழுந்து பறித்துக் களைத்து வரும் அம்மாவோ மனப்பாடம் செய்ய வேணுமா? 2016 இல் குளிர்பானப் போத்தல்களில் சீனி அளவுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை வட்டம் வந்தது. எழுத்து தெரியாதவருக்கும் புரிகிற அடையாளம் அது. ஆக, அரசாங்கம் நினைத்தால் முடியும். தமிழ் 1987 முதல் இந்த நாட்டின் அரசியலமைப்பில் அரச கரும மொழி. அது பெயர்ப்பலகையோட நின்றால் போதாது.

நாங்க கேட்பது மூன்று. சேர்மானம் தமிழிலும், வாசிக்கிற அளவு எழுத்திலும் வேணும். கோதுமையும் பார்லியும் தடித்த எழுத்தில் தெரிய வேணும். தோட்டத்துக் கிளினிக்கில் இந்த நோயைப் பற்றித் தமிழில் சொல்ல ஆள் வேணும். இது சலுகை இல்லை. பிள்ளை வாயில் போடுவது என்னவென்று தெரிந்துகொள்ளும் உரிமை.