எஷரின் கண்ணாடி உருண்டைக்குள் இருப்பது யார்?

பருத்திப்பட்டுப் பக்கம் பல வீடுகளின் ஷோகேஸில் ஏதாவது ஒரு கண்ணாடிப் பொருள் இருக்கும். அன்னம், தாஜ்மகால், இல்லையென்றால் வெறும் உருண்டை. யாரும் அதற்கு அர்த்தம் தேடுவதில்லை. அதுவே ஓர் ஓவியத்தில் வந்துவிட்டால், "இது எதன் குறியீடு?" என்று கேட்க ஆரம்பித்துவிடுகிறார்கள்!

நெதர்லாந்து ஓவியர் எம்.சி. எஷர் 1935 ஜனவரியில் வரைந்த படம் ஒன்று உண்டு. ஒரு கை கண்ணாடி உருண்டையை ஏந்தியிருக்கிறது. உருண்டைக்குள் எஷரும் அவருடைய அறையும் தெரிகிறார்கள். பார்த்தால் பென்சில் ஓவியம் போலவே இருக்கும். உண்மையில் அது கல்லச்சு. எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் கல்லில் வரைந்து தாளில் அச்செடுத்தது. அச்சில் இடம் வலமாக மாறிவிடும். எஷர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். வலக்கையில் உருண்டையைப் பிடித்து இடக்கையால் வரைந்தார். படத்தில் தெரிவதோ இடது கை!

இந்த உருண்டை "நான்" என்பதன் குறியீடு என்று பலர் சொல்வதுண்டு. எஷரே அப்படித்தான் விளக்கினார். தலையை எப்படித் திருப்பினாலும் பார்ப்பவரின் கண்கள்தான் நடுவில் இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கும் வெள்ளி உருண்டையில் நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் அது பாதி அர்த்தம்தான். உருண்டையில் அதிக இடத்தைப் பிடித்திருப்பது எஷரின் முகம் அல்ல. ஜன்னல், புத்தகங்கள், நாற்காலி, சுவரில் மாட்டிய படங்கள். அது ரோம் நகரத்தில் அவர் வாழ்ந்த வீடு. அப்போது இத்தாலியில் முசோலினியின் ஆட்சி. பள்ளியில் படித்த மூத்த மகன் பாசிச இளைஞர் படையின் சீருடையை அணிய வேண்டிய நிலை வந்தது. எஷருக்கு அது பொறுக்கவில்லை. அதே 1935 ஜூலையில் குடும்பத்தோடு சுவிட்சர்லாந்துக்குப் போய்விட்டார். ஆசையாக வரைந்துவந்த இத்தாலிய நிலக்காட்சிகளும் அதோடு பெரும்பாலும் நின்றுபோயின.

ஜனவரியில் வரைந்தபோது அவர் பிரிவை நினைத்திருப்பாரா என்று கேட்கலாம். நினைக்காமலே இருந்திருக்கலாம். அதனால் என்ன? ஓவியர் வைத்த அர்த்தம் ஒன்று. பிறகு நடந்தது சேர்த்த அர்த்தம் இன்னொன்று. "நான்" நடுவில் அசையாமல் இருக்கிறேன் என்று நினைத்த மனிதரைச் சுற்றியிருந்த அறை, ஆறே மாதத்தில் அவருடையதாக இல்லை.

அடுத்த முறை ஷோகேஸ் உருண்டையைத் துடைக்கும்போது உங்கள் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் தெரியும் ஹாலைப் பாருங்கள்.